கீழே வைத்த தட்டு

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் மூட்டம். பனியா, புகையா, தெரியவில்லை. ஜெனிக்கு மறுபடி இழுப்பு. பெசன்ட் நகர் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறாள். கோபாலபுரம் ஸ்கூலுக்குள் நுழைந்தால் மதியத்துக்குள் ஆரம்பித்துவிடுகிறது. நான் அங்கேயே டீச்சர். என் கண்ணெதிரே என் மகள் மூச்சுக்குத் திணறுகிறாள்.

எல்லாம் ஊருக்கு வடக்கே இருக்கும் அந்தக் குப்பை எரிக்கும் ஆலையின் புகைதான். நிரூபித்துக் காட்டுகிறேன். வெள்ளைத் தட்டு இரண்டு, தூசு ஒட்டிக்கொள்ள வாஸ்லின் தடவி. ஒன்று ஸ்கூல் மொட்டை மாடியில், ஒன்று கீழே கிரவுண்டு ஓரம்.

கேஸ் புக் பண்ண மறந்தாச்சு.

பிப்ரவரி 4, புதன்

சனியன் பிடித்த தட்டுகள். மாடித் தட்டு கிட்டத்தட்டச் சுத்தம். கீழ்த் தட்டில் சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடக்கிறது. மேலேயிருந்து வரும் புகை மாடியை விட்டுவிட்டுக் கீழே மட்டுமா விழும்? அப்படியானால் தூசு தரையிலிருந்துதான் கிளம்புகிறது.

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஸ்டெல்லாக்கா: "இன்னா டீச்சர், தட்ட மொறச்சிக்கினு கீறீங்க? இந்தப் புதுக் கல்லு போட்டதிலேந்து இதே ரோதன. பெருக்கப் பெருக்கப் பொடியாக் கொட்டிக்கினே கீது."

கிரவுண்டு முழுக்கப் போன வருஷம் பதித்த கல். ஏது என்று ஹெச்.எம். சிஸ்டரிடம் கேட்டேன். முகமெல்லாம் பெருமை.

"அந்த ஆலைக்காரங்க குடுத்த நன்கொடை டீச்சர். குப்பைய எரிச்ச சாம்பல்ல செஞ்ச கல்லு. எதுவும் வீணாகல பாருங்க."

 புகை எங்கே புகை எங்கே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே அந்த ஆலையின் சாம்பல் மேல்தான் தினமும் நடந்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வெயில். இட்லி மாவு புளித்துவிட்டது.

உடைந்த கல்லின் ஒரு மூலையைக் காலேஜ் தோழி நூர்ஜஹானிடம் கொடுத்திருந்தேன். அவளுக்கு லேபில் வேலை. இன்று போன். ஹலோகூட இல்லை.

"ஏய், இத வெறுங்கையாலயா எடுத்த? மொதல்ல போய்க் கையக் கழுவுடி. ஈயம் இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கு. பசங்கள அது பக்கமே விடாத."

கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். நேராக சிஸ்டரிடம் ஓடினேன்.

"வெள்ளிக்கிழம ஸ்போர்ட்ஸ் டே. அந்த ஆலைக்காரர்தான் சீஃப் கெஸ்ட். இப்பப் போய் இதக் கெளப்பாதீங்க டீச்சர். முடியட்டும், பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! எதைப் பார்ப்பது? வாயைத் திறந்தால் வேலை போகும். தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

புழுக்கம். இலைகூட அசையவில்லை. ஒரு மழை பெய்து நாளைக்கு எல்லாம் ரத்தாகாதா என்று இருக்கிறது.

ரிலேயிலிருந்து ஜெனி பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். சாயந்திரம் கடைசிப் பயிற்சி. எல்லாப் பிள்ளைகளும் வெறுங்காலில். ஓடி முடித்து அந்தக் கல்லிலேயே குப்புறப் படுத்து மூச்சு வாங்குகிறார்கள். ஜெனி மட்டும் என் பக்கத்தில், அழுகை நிற்கவில்லை. சொல்லிவிட்டேன், அந்தக் கல்லில் வருகிற தூசு விஷம்டா கண்ணு என்று.

சட்டென்று அழுகை நின்றது. கிரவுண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப அவங்கல்லாம் ஓடலாமா மம்மி?"