பெஸ்ட் என்று சொல்லி அனுப்பினார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நான் நலம் என்று எழுதித்தான் பழக்கம், அதனால் எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் நீ அழ ஆரம்பித்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா போனதற்கு நீ வந்திருந்த அந்தச் சில நாளும் வீடு முழுக்க ஆட்கள், நாம் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் உட்காரவே முடியவில்லை. கிளம்பும்போது என் முகத்தைப் பார்த்து, “நல்லா இருக்கார்னுதானம்மா சொன்னே” என்று கேட்டாய். நான் உன் பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன், சட்டை செக்கிங் மேசைதான், அதே விளக்கு, அதே நாற்காலி. இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுங்கக்கா என்றார் சூப்பர்வைசர், வீட்டில் இருந்து என்ன பண்ணுவது, நீயே சொல். கை அது பாட்டுக்குத் தையலைப் பார்க்கிறது, பட்டனை இழுக்கிறது, நூலைக் கத்தரிக்கிறது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பார்த்து அழுதாள், நான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தது அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா. அப்பாவின் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அம்மா, இனிமே இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் பெஸ்ட்” என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் என் மேசையில் கற்றதுதானே. பெஸ்ட் என்று ஒரு சட்டையை ஒதுக்கினால் அதை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள், ஒரு பிசிறு இருக்காது, நேரே பெட்டிக்குள் போகும். அந்த வார்த்தையை டாக்டர் வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவிலேயே நின்று அத்தைக்குப் போன் போட்டேன், உங்க அண்ணனுக்குப் பெஸ்ட்டுன்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்கு வர்றோம் என்று. உனக்கும் அதையேதான் சொன்னேன். நீ டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாய். அதில் உன் தப்பு எதுவும் இல்லை பாப்பா, இதை நன்றாக மனசில் போட்டுக்கொள்.

கீழே இறங்கும்போது லிஃப்டுக்குள் அப்பா சக்கர நாற்காலியில் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார். எத்தனை வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன், பழக்கம் விடுமா. “சத்தம் சரியில்ல, எவன் பாக்கறானோ இதை” என்றார். டாக்டர் பெஸ்ட்டுன்னாங்களே கேட்டீங்களா என்றேன். “கேட்டேன் கேட்டேன். வீட்டை விடவா” என்று சிரித்தார். வந்ததும் திரைச்சீலை எல்லாம் துவைத்தேன், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், புது விரிப்பு போட்டேன். என்னடி, பெண் பார்க்க வர்ற மாதிரி பண்றே என்று கிண்டல் வேறு. ஆனால் வீக்கம் வடியவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. ஊசி போட வரும் நர்ஸிடம் அடுக்களையில் வைத்துக் கேட்டேன், பெஸ்ட்டுன்னு சொல்லித்தானே அனுப்பினாங்க, அப்புறம் ஏன் இப்படி என்று. அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டிருந்தது, குழாயை மூடிவிட்டுச் சொன்னது, “அக்கா, அது அவர் நல்லாயிட்டார்னு சொன்னது இல்லக்கா. மத்த வழியெல்லாம் இதை விடக் கஷ்டம், இருக்கறதுல இது பரவாயில்லைன்னு அர்த்தம்.” நான் சரி என்றேன். டீ குடிக்கிறியாம்மா என்று கேட்டேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, தொட்டால் தெரியும் ஆனால் நம்முடையது மாதிரி இருக்காது, அன்றிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

உள்ளே போனேன். அப்பா என் முகத்தைப் பார்த்ததுமே, “சொல்லிட்டாளா” என்றார். உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா என்றேன். மெஷின் புத்தகமெல்லாம் இங்கிலீஷில் படித்தவர், தெரியாமல் இருக்குமா. “நீ என் தங்கச்சிகிட்ட போன்ல சிரிச்சுகிட்டிருந்தே. நீ அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. எனக்கு வாய் வரல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பாப்பாவை வரச் சொல்லு என்றார். அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் பண்ணினேன். மறுநாள் காலையில், பிள்ளை வரும்போது பரதேசி மாதிரி இருக்கக் கூடாது, சவரம் பண்ணிவிடு என்றார். ஒரு பக்கம் முடிந்தது. மறு கன்னத்துக்காக முகத்தைத் திருப்பினேன், தலை என் கையிலேயே சாய்ந்துவிட்டது, மூச்சு இல்லை. நான் அந்தப் பக்கத்தையும் முடித்து, சோப்பு நுரையைத் துடைத்துவிட்டுத்தான் அத்தையைக் கூப்பிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

அத்தைக்கு மூட்டு வலி, இருந்தும் தினமும் படியேறி வந்து என்னைச் சாப்பிட வைத்துவிட்டுப் போகிறாள். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, ஆள் வைத்து மாற்றிவிட்டேன். முந்தாநாள் போனில் நீ, தனியா அங்க என்ன பண்ணப்போறே, இங்க வந்து எங்களோட இருக்கறதுதான்மா பெஸ்ட் என்றாய். மாப்பிள்ளையும் பக்கத்திலிருந்து ஆமாம் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பாப்பா, அம்மாவிடம் அந்த வார்த்தை வேண்டாம். இருப்பதில் இதுதான் பரவாயில்லை என்று கூப்பிடுகிறாயா, இல்லை அம்மா பக்கத்தில் வேண்டும் என்று கூப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல். முதலாவது என்றால் எனக்குக் கோபமே இல்லை, இங்கே வேலை இருக்கிறது, அத்தை இருக்கிறாள், என் பாட்டுக்கு இருப்பேன். இரண்டாவது என்றால் வாம்மா என்று ஒரு வார்த்தை போதும், பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிடுகிறேன்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அழுகை வந்தால் மாப்பிள்ளையிடம் மறைக்காமல் அழுதுவிடு. எனக்கு இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவேன், எந்த நேரமானாலும் போனை எடு. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா