அம்மாவுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்த பட்டன்கள்

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு,

இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிட ஒரு சுற்று கூடுதல் சுகம், அதற்குக் காரணம் யார் என்று புனேயில் இருக்கிற உனக்கே தெரியும். வீடியோ காலில் நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசுவது சமையல் விஷயம் என்றல்லவா நினைத்திருந்தேன், கம்ப்யூட்டரில் ஒளிந்து கிடக்கிற வித்தையை எல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே காலங்காலமாக டைப்பிங் கடை வைத்திருப்பவன் நான், ராஜபாளையத்து வீட்டிலிருந்து சும்மா பேச்சுத்துணைக்கு என்னோடு பஸ் ஏறி வந்தவள் அவள். இப்போது வக்கீல் குமாஸ்தா இசக்கிமுத்து வாசலில் நின்றபடியே, நீங்க இருங்க அண்ணாச்சி, மதினி எங்க என்று கேட்கிறான். ஸ்கிரீனில் ஒரு மூலையைப் படம் பிடிக்க நான் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், அவள் விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கி வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்துவிடுகிறாள். வந்தவர்கள் வாயைப் பிளக்கிறார்கள், எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

நாமும் ஒரு கை பார்ப்போம் என்று, அவள் பேங்குக்குப் போயிருந்தபோது விண்டோஸும் எச்சும் சேர்த்து அமுக்கினேன், பேசினால் தானாகவே டைப் அடிக்கும், அவள் செய்வதை ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தேன். மனுவில் இரண்டு வரி சொன்னேன், சமர்த்தாக அடித்தது. அதற்குள் இசக்கிமுத்து டீயோடு வந்தான், மைக்கை நிறுத்த மறந்து வாயை விட்டேன், ஏலே, அவ வந்த பொறவுதாம்லே கடையில இம்புட்டு கூட்டம், என்னயவிட அவதான் கெட்டிக்காரி, அவகிட்ட சொல்லிராதலே என்று. அம்புட்டும் 'மனுதாரர் தாழ்மையுடன் வேண்டுவது யாதெனில்' என்பதற்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. அழிப்பதற்குள் அவள் வந்து படித்துவிட்டாள். அதைக் காப்பி பண்ணிக்கொண்டு மனுவைச் சுத்தம் செய்தாள். விண்டோஸும் வியும் அமுக்கினால் காப்பி பண்ணினதெல்லாம் வரிசையாக வருகிறதே, அதில் இதற்கு மட்டும் பின் குத்தி வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாலும் போக மாட்டேன் என்கிறது. சர்வே நம்பர் ஒட்டப் போனால் அங்கே இது நிற்கிறது. எடுத்துவிடு பாண்டிசெல்வி என்றேன், கெடக்கட்டும், கல்யாணம் ஆகி இம்புட்டு வருஷத்துல நீங்க என்னயப் பத்தி எழுத்துல குடுத்தது இது ஒண்ணுதான் என்கிறாள்.

அந்தப் பின்னை எடுக்க எனக்கும் தெரியும், எடுக்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, குனிந்தே உட்கார்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆண்டாள் தாயார் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். அம்மாவுக்குத் தெரியாத பட்டன் ஒன்றே ஒன்று எனக்குச் சொல்லிக் கொடு. போனில் சொல்லாதே, அது அவள் கையில்தான் இருக்கும், தபாலில் எழுது, கடை முகவரிக்கு வேண்டாம், அங்கே வருகிற தபாலைப் பிரிப்பதும் அவள்தான்.

உன் அப்பா,
தவசிமுத்து