காந்தக்காரியின் கடைசிப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்
பேருந்து வரும் வரை பழைய புத்தகக் கடையில் ஒதுங்கினேன். சணலால் கட்டிய ஆறு காமிக்ஸோடு வெளியே வந்தேன். ‘காந்தக்காரி’! ஊதா மேலங்கி, இடுப்பில் கை. சின்ன வயதில் இவள் என்றால் எனக்கு உயிர். நாற்பத்தாறு வயதில் இது தேவையா? தேவைதான்.

மார்ச் 4
காந்தக்காரி பகலில் தையற்காரி. கோபம் வந்தால் கடையிலுள்ள ஊசியெல்லாம் பறந்து வந்து அவள்மேல் ஒட்டிக்கொள்கின்றன. சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. நானும் ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் நாள் முழுக்க ஒரு ராட்சசக் காந்தத்தோடுதான் மாரடிக்கிறேன். “உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?” என்று கேட்டே தொண்டை வற்றிவிட்டது. எனக்கு யார் மேலங்கி தைத்துத் தந்தார்கள்?

குளியலறைக் கதவைத் தட்டி வீட்டுக்காரர் கேட்டார்: “உள்ள என்ன அப்படிச் சிரிப்பு?”

மார்ச் 9
அநியாயம்! தொட்டதையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும் துருத் தளபதி அவளை மணிக்கூண்டிலிருந்து தள்ளிவிட்டான். பாதி வழியில் ‘தொடரும்’. ஆறாவது புத்தகம் அதோடு சரி. கடைக்காரரிடம் ஓடினேன். “ஏழாவதா? நான் கண்ணால பாத்ததே இல்லம்மா.”

நான் பார்த்திருக்கிறேன். அது அண்ணனிடம் இருக்கிறது.

சே.

மார்ச் 10
எழுதியே விடுகிறேன். காமிக்ஸ் வந்தால் முதலில் அண்ணன்தான் படிப்பான். பிறகு எனக்குத் தருவான், ஆனால் கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வான். அவன் பங்குப் பாத்திரத்தையும் நான் கழுவினால்தான் கை நகரும். ஏழாவது வந்த அன்று எனக்கு ரோஷம். கழுவவில்லை, புத்தகத்தையும் தொடவில்லை. முடிவு தெரியாமலே போய்விட்டது.

அம்மா போன அன்று, கடைசி நாட்களில் அவளை யார் பார்த்துக்கொண்டது என்ற பேச்சில் வார்த்தை தடித்தது. “நீயெல்லாம் ஒரு அண்ணனா?” என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால். இரண்டு வருடமாகிறது, பேச்சு இல்லை. அவன் மேல தப்பே இல்லையா? இருக்கு. ஆனா அந்த வார்த்தை என்னோடது.

மார்ச் 12
மானம் கப்பலேறியது. வயிற்று ஸ்கேன். மைக்கில், “மூச்சை இழுங்க... பிடிச்சுக்கோங்க” என்றேன். காந்தக்காரி எப்படித் தப்பியிருப்பாள் என்ற யோசனையில் “விடுங்க” சொல்ல மறந்தேன். உள்ளேயிருந்து அவசர மணி! ஓடிப்போய்ப் பார்த்தால் மனிதர் முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது. “நீங்க சொல்லாம எப்படிம்மா விடுறது?” என்றார், பாவம். பத்து தடவை மன்னிப்புக் கேட்டேன். முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது!

மாலையில் ஃபோனை எடுத்தேன். ‘மன்னிச்சுக்கோ’ என்று மூன்று முறை அடித்து மூன்று முறையும் அழித்தேன். கடைசியில் போனது இதுதான்: “அண்ணா, காந்தக்காரி ஏழாவது உன்கிட்ட இருக்கா? அவ இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கா.”

மார்ச் 13
பார்த்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 14
இல்லை. போகட்டும். போகட்டுமா?

மார்ச் 15, ஞாயிறு
ஃபோன் விடாமல் டிங் டிங் என்கிறது. படத்துக்கு மேல் படம். அட்டை, ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம்... முப்பத்தொன்று வரை! அடுப்படியில் நின்றே படித்தேன். பால் பொங்கி வழிந்தது, வழியட்டும். மணிக்கூண்டின் பெரிய முள்ளை இழுத்துப் பிடித்துத் தொங்குகிறாள்! தளபதி முள்ளைத் தொடுகிறான், துரு ஏறுகிறது, முள் முறிகிறது—

முப்பத்திரண்டாம் பக்கம். படத்தில் பக்கமே தெரியவில்லை. அதன்மேல் விரித்து வைத்த ஒரு கை. கை முடியெல்லாம் நரைத்துவிட்டது. எப்போதடா இவ்வளவு நரைத்தது உனக்கு?

கீழே ஒரு வரி: “பாத்திரம் நிறையக் கிடக்கு. எப்ப வர்ற?”

“ஏன் அழுற?” என்று பதறினார் வீட்டுக்காரர். “சிரிக்கிறேங்க” என்றேன். இரண்டும்தான்.

மார்ச் 21, சனி
பேருந்தில் எழுதுகிறேன், கோணல்மாணலாக. மடியில் ஆறு புத்தகங்கள். பையில் பாத்திரம் தேய்க்கப் புது நார். முதலில் அந்த வார்த்தைக்கு மன்னிப்பு. பிறகு பாத்திரம். அதற்கப்புறம்தான் கடைசிப் பக்கம்.