மேற்கு எல்லை

28 அக்டோபர், செவ்வாய்

அப்பாவிடம் இன்று ஒரு வரியை மறைத்துவிட்டேன்.

சென்னையில் வாங்கப்போகும் வீட்டின் மூலப்பத்திர நகலை அண்ணன் அனுப்பியிருந்தான். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் நான்தான் படித்துக் காட்டினேன். நான்கெல்லை வந்ததும், "நிதானமா படி. வில்லங்கமெல்லாம் எல்லையிலதான் ஒளிஞ்சிருக்கும்" என்றார். மூன்று எல்லைகளைப் படித்தேன். மேற்கே 'ஏரிக் கலுங்கு' என்று இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம். அது பாய்கிற பக்கத்தில்தான் வீடு, அதுவும் தரைத்தளம். அந்தச் சொல் காதில் விழுந்தால், வீட்டுப் பணத்துக்காக எங்கள் வயலை விற்க அப்பா கையெழுத்துப் போடமாட்டார்.

"மேற்கே ரோடுப்பா" என்றேன்.

"அப்ப சரி. இனியாவது உங்கண்ணன் வண்டிய நனையாம நிறுத்துவான்" என்று சிரித்தார்.

கொல்லைக்குப் போய் அண்ணனை அழைத்தேன்.

"இப்ப அங்க ஏரி ஏது? பஸ் ஸ்டாண்டுதான் இருக்கு" என்றான்.

"மழைத்தண்ணி எங்கண்ணே போகும்?"

"பெரிய இன்ஜினீயரு, கேக்க வந்துட்டா! போன மழையில வாடகை வீட்லேருந்து பாப்பாவத் தோள்ல தூக்கிட்டு ஓடினேன். எங்க கைக்கு எட்டுற விலைக்கு வேற எங்க கிடைக்கும், சொல்லு."

போனை வைத்துவிட்டேன். அந்த ஊரில் எத்தனை பேர் இப்படி ஒரு வரியைத் தாண்டிப் படித்துக் குடிபோயிருப்பார்களோ.

நாளைக்குப் பத்திர ஆபீஸ். அப்பா வேட்டிகூட எடுத்து வைத்துவிட்டார். காலையில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அண்ணன் இனி என் போனை எடுக்கமாட்டான். சொல்லாவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் அவன் எடுக்கும்வரை நான் அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.