கதவைச் சாத்திவிட்டுக் கேள்

ஜூன் 3

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம், தூக்கம்தான் இல்லை. புயலில் உங்கள் தீவு போன் டவர் சாய்ந்ததிலிருந்து உன் திட்டைக் கேட்காமல் காது துருப்பிடித்துப் போயிற்று. பள்ளிக்கூட லீவு லெட்டருக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். சிரிக்காதே.

விஷயம், நீ குவாரியில் வண்டி ரிப்பேர் வேலைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கார். என்ஜின் லைட் எரிகிறது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் மாற்றினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்ப எரிந்தது. இன்னொன்று மாற்றினார். அதே கதை. "வண்டிக்கு வயசாயிடுச்சு சார், தள்ளிவிட்டுடுங்க" என்கிறார். சிக்னலில் நின்றால் குளிர்க்காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது. பெட்ரோல் போட்டு மாளவில்லை.

தள்ளிவிட முடியாது அக்கா. உன் மருமகள் காரில் மட்டும்தான் தூங்குகிறாள். தொட்டில், தோள், பாட்டு எல்லாம் தோற்றுவிட்டன. முன்பெல்லாம் ஊரையே சுற்ற வேண்டும். இப்போது தெருமுனை திரும்புவதற்குள் கண் சொருகிவிடுகிறது. அவள் அம்மா ஆஸ்பத்திரி டியூட்டியில் இருக்கும் நேரமெல்லாம் நானும் காரும் சேர்ந்துதான் பிள்ளை வளர்க்கிறோம்.

காரில் செருகிப் பார்க்கும் உன் சின்ன ஸ்கேனர் காட்டிய எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உனக்குப் புரியும்.

உன் செல்லத் தம்பி,
குண்டு


ஜூன் 10

அடேய் குண்டு,

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் கோழி கிண்டியதோ என்று நினைத்தேன். தபால் கொண்டுவரும் படகுக்காரர் உன் தாளைத் தலைகீழாக வைத்துப் படித்துவிட்டு, "மருந்துச் சீட்டா?" என்று கேட்டார்.

உன் மெக்கானிக்கை என்ன சொல்ல! கேள். என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று முன்வாசலில் நின்று அளக்கிறது ஏர்ஃப்ளோ சென்சார். எரிந்து வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பின்வாசலில் மோந்து பார்க்கிறது ஆக்சிஜன் சென்சார். இரண்டு பேர் சொல்வதையும் வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். பின்வாசல்காரன் "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் பத்தல" என்று கத்துகிறான். உன் மெக்கானிக் அவனை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டு வேறொருவனை நிறுத்தினார். அவனும் அதையே கத்துகிறான். புகார் சொன்னவனை மாற்றினால் புகார் போய்விடுமா?

முன்வாசல்காரன் கண்ணில் படாமல் எங்கோ திருட்டுக்காற்று உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன். ஏதாவது ரப்பர் குழாய் வெடித்திருக்கும். வெடித்த இடத்தில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். உங்கள் ஊர் மழையில் அது காதில் விழாது. அதனால் காரை ஷெட்டுக்குள் விடு. கதவைச் சாத்து. என்ஜின் ஓடட்டும், நன்றாகச் சூடாகட்டும், அவசரப்படாதே. பானட்டைத் திறந்து காதைக் கொடு. ஸ்கேனர் எண்களைச் சூடாகும் முன்பும் பின்பும் எழுதி அனுப்பு. நான் தினமும் இப்படித்தான் பார்க்கிறேன். அதுவரை ஒரு திருகாணியைக்கூட மாற்ற விடாதே.

மருமகளுக்கு அத்தை முத்தம். உன் வீட்டுக்காரியை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

அக்கா


ஜூன் 16

அன்பு அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முன்வாசல் பின்வாசல் இரண்டும் இப்போது எனக்கு அத்துப்படி. மெக்கானிக்கிடம் சொன்னேன், முறைத்தார். ஆனாலும் ஏர்ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் பண்ணிப் பார்த்தார். அது சரியாகத்தான் அளக்கிறதாம். ரப்பர் குழாய்களிலும் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லையாம். சைலன்சர் வாயில் விரலை விட்டால் மை மாதிரி கரி. காலையில் கிளப்பும்போது மட்டும் முன்னால் எங்கோ 'டிக் டிக்' என்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. நீ எல்லாவற்றையும் எழுதச் சொல்வாயே என்று எழுதுகிறேன்.

எனக்கும் கொஞ்சம் சரியில்லை. கார் ஓட்டிவிட்டு வந்தால் மண்டை பிளக்கிறது. நேற்று நம் தெருவுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மறந்து நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பயந்துவிட்டேன் அக்கா. "நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு? அதான்" என்கிறாள் வீட்டுக்காரி. அதுவாகத்தான் இருக்கும். பாப்பாதான் கொடுத்துவைத்தவள். வீடு வந்த பிறகும் எழுந்திருப்பதில்லை, கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

வருகிற ஞாயிறு மதியம் நீ சொன்னதைச் செய்யப் போகிறேன். அவளுக்கு அன்றைக்கு டியூட்டி. பாப்பாவைத் தனியே விட முடியாது, பின்சீட்டில் அவளுடைய பேபி சீட்டில் பெல்ட் போட்டுப் படுக்க வைத்துவிடுவேன். என்ஜின் ஓடினால் அவளும் தூங்குவாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஷெட் கதவு அடியில் இடுக்கு இருக்கிறது, மழைச் சத்தம் வருகிறது. பழைய போர்வையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தேன், கச்சிதமாக இருக்கிறது.

குண்டு


ஜூன் 20, வெள்ளி

தம்பி,

காரைத் தொடாதே. ஷெட்டுக்குள் கிளப்பாதே. பாப்பாவை அதில் ஏற்றாதே.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. படகு கிளம்பப் போகிறது. ரப்பர் குழாய் இல்லையடா. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகை போகிற இரும்புக் குழாயில் விரிசல். அந்த 'டிக் டிக்' அதுதான். விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது, சென்சார் அதை மோந்துவிட்டுப் பெட்ரோல் பத்தவில்லை என்கிறது, கம்ப்யூட்டர் அதை நம்பி மேலும் மேலும் ஊற்றுகிறது. சரியாக எரியாத விஷப்புகை அதே விரிசல் வழியாகக் காருக்குள் வருகிறது. அதற்கு வாசனை கிடையாது. உன் தலைவலி அதுதான். பாப்பா தூங்கவில்லை தம்பி. அது தூக்கமே இல்லை.

கதவைச் சாத்தச் சொன்னவள் நான். இங்கே ஒவ்வொரு வண்டியின் சைலன்சரிலும் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயை மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புவோம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவது போல, கை தானாகச் செய்துவிடும். அதனால் அது என் நினைவுக்கே வரவில்லை. உன் கடிதம் வந்தபோதும் கையில் அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷெட், போர்வை என்று படித்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சரக்குப் படகில் என்னை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஏறினாலும் நான் உன்னிடம் வந்து சேரத் திங்கள் ஆகிவிடும். படகுக்காரரிடம் உன் நம்பர் கொடுத்திருக்கிறேன், உன் வீட்டுக்காரியின் வார்டு பெயரும் சொல்லியிருக்கிறேன். கரை சேர்ந்ததும் கூப்பிடுவார். தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிடாதே. எடுடா.

அக்கா


ஜூன் 24

என் கண்ணு,

படகு வந்தது. உன் கடிதம் இல்லை.

படகுக்காரர் சனிக்கிழமை முழுக்க உன்னைக் கூப்பிட்டாராம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லை. ஞாயிறு வார்டுக்குப் பேசியிருக்கிறார். உன் வீட்டுக்காரி ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறாள், வந்தால் சொல்கிறோம் என்றார்களாம். "சொன்னாங்களா?" என்று கேட்டேன். "கத்திச் சொன்னேம்மா, குடிச்சிருக்கியான்னு கேட்டாங்க" என்றார். பாவம், அவரும் தூங்கவில்லை.

என்னால் எந்த வண்டியின் அருகிலும் நிற்க முடியவில்லை. சாவியைத் திருப்பினால் உன் ஷெட்தான் தெரிகிறது. மற்றவர்கள் சாப்பிடக் கூப்பிட்டால் கோபம் வருகிறது. ஞாயிறு மதியம் நான் இங்கே தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஒருவேளை நீ சோம்பேறித்தனமாக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கலாம். சின்ன வயதிலிருந்து உன் சோம்பேறித்தனத்துக்காக உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவை நீ சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும்.

மாற்று ஆள் வந்ததும் ஜூலை பத்தாம் தேதி கிளம்பி வருகிறேன். அதற்குள் ஒரு வரி எழுது. "இருக்கிறோம்" என்று மட்டும் எழுது. கோழி கிண்டியது போல இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

பாப்பா இருக்கிறாள். நானும் இருக்கிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு.

ஞாயிறு மதியம் செய்தேன். பாப்பா எழுந்துவிடுவாள் என்று போனை எப்போதும் சத்தமில்லாமல்தான் வைத்திருப்பேன், அதனால் எந்த அழைப்பும் கேட்கவில்லை, பிறகு பார்த்தபோதும் தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டேன். கதவைச் சாத்தினேன், போர்வையை அடைத்தேன். நீ சொன்னது போலக் காதைக் கொடுத்தேன். அந்த 'டிக் டிக்' கீழே இரும்புக் குழாயிலிருந்து வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம். உனக்கு எழுத எண்களைப் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன், கால் நிற்கவில்லை. எப்படியோ பின்கதவு வரை போய்விட்டேன். பாப்பா கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. ஆனால் பெல்ட்டை அவிழ்க்கத் தெரியவில்லை அக்கா. தினமும் அவிழ்க்கிற பெல்ட். அந்தச் சிவப்புப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவள் சொன்னது. தியேட்டரிலிருந்து வெளியே வந்தவளிடம், யாரோ படகுக்காரர் ஷெட் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார் என்று சிரித்தார்களாம். அவள் சிரிக்கவில்லை. பச்சை உடையோடு டாக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் வெளியே இழுத்து, பாப்பாவை மழையில் கிடத்தி வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறாள். படகுக்காரருக்கு என் கும்பிடு.

பாப்பாவுக்கு நேற்றுதான் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்தார்கள். பார்க்கிறாள், பால் குடிக்கிறாள், ராத்திரி முழுக்க அழுகிறாள். யாரும் தூங்க வைப்பதில்லை. மற்றபடி எல்லாம் சரியா என்று உட்கார்ந்து தவழ்ந்து பேசும்போதுதான் தெரியுமாம். நாங்கள் காத்திருக்கிறோம். காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ எழுதிய இடத்தில்தான் விரிசல்.

உன் முதல் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது, அதை ஆஸ்பத்திரியில் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வந்தவற்றையும் படித்தாள். உறிஞ்சு குழாய் விஷயத்தை நானும் எடுத்துச் சொன்னேன். "உங்க அக்கா வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? அவங்களாலதான் நானும் ஓடி வந்தேன். ஆனா அவங்க கதவைச் சாத்துன்னு எழுதினா, ஏன்னு ஒரு நிமிஷம் உங்களுக்குத் தோணலையே. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது நிஜம். நீ கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்த நாளிலிருந்து நான் இரண்டு பக்கமும் பார்த்ததே இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்தாம் தேதி வர வேண்டாம் அக்கா. அவளாகக் கூப்பிடட்டும். எப்போது என்று கேட்காதே, நானும் அவளைக் கேட்கப் போவதில்லை.

உங்கள் டவரை நிமிர்த்திவிட்டார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால், நீ என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவேன்.

தம்பி