மாலை போட்ட நாற்பத்தொரு நாள்

தம்பி,

இன்று காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்த ஈரம், சந்தனம், விபூதி எல்லாம் கலந்த ஒரு வாசனை. கண்டக்டரம்மா கம்பியைத் தட்டி, "சாமி, டிக்கெட்" என்றாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஒரு நொடி திரும்பிவிட்டேன். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். லாலாகுடாவில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆபீசுக்கு நடந்து வந்தேன்.

மறுபடியும் கார்த்திகை வந்துவிட்டது. மல்காஜ்கிரியில் நம் தெருவில் மட்டும் இந்த வருஷம் ஆறு பேர் மாலை போட்டிருக்கிறார்கள். உனக்கு எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது.

நீ ஏசி மெக்கானிக். இரண்டாம் மாடி வெளிச்சுவரில் மெஷின் மாட்டப் போய்க் கீழே விழுந்தாய். முதுகில் ஆபரேஷன் நடந்தது. வலிக்குப் போட்ட ஊசி, வலி போன பிறகும் உன்னை விட்டுப் போகவில்லை. அதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. மௌலா அலி பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் இருந்து, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்துத் திரும்பி வந்தாய். அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம் உனக்கு மஞ்சள் காமாலை குணமாகிவிட்டது என்றாள்.

அதற்கு அப்புறம் வந்த மே மாதத்தில் நீ முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாய். ஹைதராபாத் வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிறவன் ஒன்று கல்யாண மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ மறைக்க வேண்டும். உனக்குக் கல்யாணம் ஆகிற மாதிரி தெரியவில்லை. நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, போலீஸ் மாதிரி பாக்குற?" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே நீயே சட்டைக் கையை மடித்து ஊசித் தடத்தைக் காட்டினாய். "பதினோரு மாசம் தொடாம இருந்தேன்க்கா. ஒரே நாள்ல போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அடிக்கலாம் போல இருந்தது. நான் போலீசாகத்தான் இருந்தேன், அதில் பொய்யில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உன் பையை, பாக்கெட்டை, செருப்பை எல்லாம் பார்த்தவள் நான். நம்பினால் ஏமாளி, சந்தேகப்பட்டால் பாவி. இரண்டில் எதுவாக இருந்தாலும் நீ போகிற இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாய்.

அப்போதுதான் அந்த டாக்டரம்மாவிடம் போனோம். "மறுபடி விழறது இந்த நோயோட குணம்மா, உங்க வளர்ப்போட குத்தம் இல்ல" என்று தெலுங்கில் சொன்னார். தினமும் காலையில் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை ஒன்று கொடுத்தார். ஊசி கேட்கிற உடம்பைச் சமாதானப்படுத்தி வைக்கிற மருந்து அது. பிரஷர் மாத்திரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், எத்தனை வருஷம் ஆனாலும் சரி, நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். பீரோவில் பூட்டி வைத்து நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அது கரைகிற வரைக்கும் பேசக் கூடாது. நீ வாயை மூடிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, புருவத்தை ஆட்டி ஆட்டி என்னைச் சிரிக்க வைப்பாய். கரைந்ததும் முதல் வேலையாக, "அக்கா, உன் உப்புமாவுக்கு இந்தக் கசப்பே தேவல" என்பாய். ஆறு மாதம் அப்படி ஓடிற்று. வேலைக்குப் போனாய். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனாய்.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை ஏன் தொட்டேன் என்று இப்போதும் என்னையே கேட்கிறேன். எனக்கு அந்த மாத்திரை பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று ஆபீசில் யாரோ யாரைப் பற்றியோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. கார்த்திகை பிறந்தால் அப்பா வேலை பார்த்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பெரிய பெரிய குடிகாரர்கள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு பசுவாகிவிடுவார்கள், ஒயின் ஷாப்காரன் ஈ ஓட்டுவான். அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்களால் முடிந்தது உன்னால் முடியாதா?

மாலை போடச் சொன்னது அம்மா. ஆனால், "சாமிக்கு மாலை போட்டுக்கிட்டு வாயில அந்த மாத்திரையா?" என்று கேட்டது நான். பழியை அம்மா மேல் போட மாட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னால் வேண்டாம் என்பார், அதனால் சொல்லவில்லை. நம் தெருவில் குருசாமி இருந்தார், அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன மாத்திரை, எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். மானம் போய்விடுமே.

மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. "சாமி வாங்க, சாமி சாப்பிடுங்க" என்றேன். "இந்த மரியாதைக்கே வருஷம் பூரா மாலையோட இருக்கலாம் போலருக்கேக்கா" என்றாய். அது முதல் நாள். மூன்றாம் நாளிலிருந்து உனக்கு மூக்கு ஒழுகியது, கொட்டாவியாக வந்தது, காலை ஓர் இடத்தில் வைக்க முடியாமல் உதறிக்கொண்டே இருந்தாய். விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா மிளகுக் கஷாயம் வைத்தாள். எனக்குத் தெரியும் அது குளிரில்லை என்று.

ஏழாம் நாள் காலை பூஜை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். உன் உதடு வெடித்திருந்தது. "அக்கா, ஒண்ணு வேணாம். பாதி குடு. காலு ரெண்டும் பிச்சிக்கிட்டுப் போவுது."

பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. பத்தடி தூரத்தில் மருந்து இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியாதா! உன் காலில் விழுந்தேன். மாலை போட்டவன் எத்தனை சின்னவனாக இருந்தாலும் காலில் விழலாம் இல்லையா, அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு விழுந்தேன். "வேணாம் சாமி. இன்னும் முப்பத்தி நாலு நாள்தான். எனக்காக இருங்க சாமி."

நீ குனிந்து கையை என் தலையில் வைத்து, "சாமி சரணம்" என்றாய். எனக்கு என்ன சந்தோஷம்! ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பதினைந்து நாளைக்குப் பிறகு உனக்கு உடம்பு தேறியது. பஜனையில் உன் குரல்தான் பெரிதாகக் கேட்டது. இருமுடி கட்டி, சிகந்தராபாத்தில் ரயிலேறி, மலைக்குப் போய் வந்தாய். மாலையைக் கழற்றினாய். அன்றைக்கு உன்னை மறுபடி "டேய்" என்று கூப்பிட்டேன், நீ "முடிஞ்சுதா மரியாதை?" என்று கேட்டாய். மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஆபீசில் இருந்தேன். அம்மா பக்கத்து வீட்டுக்கு அரிசி புடைக்கப் போயிருந்தாள். நீ அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இத்தனை நாள் சும்மா இருந்த உடம்பு ஊசியின் பழைய அளவைத் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தினமும் அந்த மாத்திரை உள்ளே இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான் என்றும் சொன்னார்கள். வெளியில் எல்லோருக்கும் ஹார்ட் அட்டாக் என்று சொன்னோம். அதிலும் மானத்தை விடவில்லை.

பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த குருசாமியிடம் மட்டும் தாங்க முடியாமல் கொட்டிவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். "என்னை ஒரு வார்த்த கேக்கக் கூடாதாம்மா? சக்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டுத் தானே பாதிப் பேரு மலை ஏறுறாங்க. நானே பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் பூஜையில உக்கார்றேன். மருந்துக்கு ஏதும்மா தீட்டு?" என்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூட எப்படியோ தாங்கியிருப்பேன். மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க டாக்டரம்மாவிடம் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. "மாலை போட்ட எட்டாம் நாளே உங்க தம்பி இங்க வந்தாரும்மா" என்றார். கறுப்பு வேட்டியோடு, நடுங்கிக்கொண்டு தனியாக வந்திருக்கிறாய். அங்கேயே ஒரு மாத்திரையை எடுத்து உன் கையில் வைத்திருக்கிறார். நீ அதைத் திருப்பிக் கொடுத்தாயாம். "மாலைதான் என் கழுத்துல இருக்கு டாக்டர், விரதம் அக்காவோடது. கால்ல விழுந்துட்டாங்க. இதை நான் போட்டுக்கிட்டா அவங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" என்றாயாம். பிறகு எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, தூக்கம் வர ஏதாவது கொடுங்கள், ராத்திரி நான் புலம்பினால் அக்கா முழித்துக்கொள்கிறாள் என்றாயாம். அவர் எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். யார் போன் என்று பார்த்து, எடுக்காமல் விட்டவள் நான்.

உனக்கு நான் துணை நின்றதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என் ஆசைக்குத் துணை நின்றிருக்கிறாய்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. "வெரதம் முடிச்சு, சுத்தமா போனான் எம்புள்ள. அய்யப்பனே கூட்டிக்கினான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். சொல்லி முடித்ததும் சாட்சிக்கு என் முகத்தைப் பார்ப்பாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள், சாப்பிடுகிறாள். நேற்றும் யாரோ வந்தார்கள், நேற்றும் சொன்னாள், என்னைப் பார்த்தாள்.

ஆமாம் அம்மா என்றேன்.