புஸ்வாணத்தில் ஒரு பெல்பாட்டம்

11 ஜூன் 2007

இன்று முற்பகல், நெடிய விவாதத்துக்குப் பின், பெல்பாட்டத்தின் அடி அகலம் இருபத்தெட்டு அங்குலம் என்று முடிவாயிற்று. இருபத்தாறு போதும் என்று தையற்காரர் கடைசிவரை போராடினார். "இருபத்தாறுல ஏக்கம் வராதுங்க" என்று சென்னையிலிருந்து வந்திருந்த இயக்குநர் சொன்னதும் டேப்பைச் சுருட்டிக்கொண்டார். சிவகாசியின் வரலாற்றில் இந்த நாளை யாராவது குறித்துவைக்க வேண்டும். நான் வைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் முதலாளி அய்யாதுரைக்குப் பட்டாசு கம்பெனி ஒன்று, அதற்கு லேபிள் அடிக்கத் திருத்தங்கலில் அச்சகம் ஒன்று, ராஜபாண்டியன் என்று மகன் ஒருவர். மகன் ஃபங்க் இசைக் கலைஞர். ஃபங்க் என்றால் பேஸ் கிட்டாரை மீட்டாமல் கட்டைவிரலால் அறைவது. கேட்பவர்களுக்கு இடுப்பு ஆட வேண்டும். 1979ஆம் ஆண்டுச் சிவகாசியை நினைத்து உருகும் பாட்டு ஒன்றைப் போட்டிருக்கிறார். அதற்கு வீடியோ. 1979இல் அவருக்கு இரண்டு வயது. ஐந்து வயதில் கொடைக்கானல் பள்ளிக்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வருவார். தீபாவளியன்று இந்த ஊர் அசதியில் தூங்கும். ஏங்குவதற்கு வேறு என்ன கிடைத்ததோ, தெரியவில்லை.

லேபிள் வடிவமைக்கும் எனக்கு, உள்ளூர் விவரம் தெரிந்தவன் என்ற கூடுதல் பதவி.

13 ஜூன்

இயக்குநர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். பழமை போதவில்லையாம்.

16 ஜூன்

இயக்குநருக்குச் சுவர் முழுக்க அந்தக் காலத்து மனிதர்களின் புகைப்படம் வேண்டுமாம். எனக்கு ஒரு படம் தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

முத்துப்பேச்சி எங்கள் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறார். அவர் கணவர் சங்கிலிமுத்து இதே கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்து, தொண்ணூற்றொன்றில் அந்த அறையோடு போனவர். கல்யாணமான புதிதில் இருக்கன்குடித் திருவிழாவில் எடுத்த படம் வீட்டில் மாட்டியிருக்கிறது: ஸ்டூடியோக்காரன் கொடுத்த பெல்பாட்டம், ஸ்டூடியோக்காரன் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் சொந்தக் கை.

சட்டத்தோடு கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"பத்திரமாத் தந்துருவீகளா அண்ணாச்சி? அவுக மொகம்னு வீட்டுல இருக்கது இது ஒண்ணுதான்."

தந்துவிடுவேன் என்றேன்.

19 ஜூன்

படப்பிடிப்பு. கம்பெனியில் ஒரே அறைக்குள் நாற்பது பேர் ஆட வேண்டும் என்றார் இயக்குநர். ஃபோர்மேன் பலவேசம் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாது சார். ஆடுனாலும் சரி, அழுதாலும் சரி."

"ரூம் காலியாத்தானே இருக்கு? மருந்தே இல்லையே?"

"சொவத்துல இருக்கும் சார். அது நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

நால்வர் நால்வராக ஆடினார்கள். மீதியைக் கம்ப்யூட்டர் ஆடும். மருந்தில் சேர்க்கும் அலுமினியப் பொடியைத் தூவினால் மின்னுமே என்று இயக்குநர் அடுத்துக் கேட்டபோது, பலவேசம் அவருடைய செருப்பைக் காட்டி வெளியே போகச் சொன்னார். பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை.

20 ஜூன்

சங்கிலிமுத்துவின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்கள். அச்சக ஸ்கேனரில் நான்தான் ஏற்றிக் கொடுத்தேன். சட்டக் கண்ணாடிமேல் முத்துப்பேச்சி வைத்திருந்த குங்குமப் பொட்டு இடைஞ்சலாக இருந்ததால் துடைத்துவிட்டார்கள். ராஜபாண்டியன் அதன் முன்னால் நின்று கிட்டாரை அறைந்தார். 'ஊரின் முதல் ஃபங்க் மனிதர்' இவர்தானாம்.

இவர் உங்கள் கம்பெனியில்தான் இறந்தார் என்று சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த வலி அவர் கண்ணுலயே தெரியுது அங்கிள்."

படத்தில் சங்கிலிமுத்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்.

3 ஜூலை

"படம் வந்துருச்சா அண்ணாச்சி?" முத்துப்பேச்சி கேட்பது இது மூன்றாம் முறை. இயக்குநர் கையோடு சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார், வரும் என்றேன்.

14 ஜூலை

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்கேனருக்குள் ஒருமுறை போன முகம் திரும்பி வெளியே போகாது. லேபிளுக்குப் படம் இல்லையென்றால் இருப்பதில் ஒன்றை எடுத்துப் போடுவோம். காதுகுத்துப் பத்திரிகைக்கு வந்த குழந்தை ஒன்று ஏழு வருடமாகச் சரவெடிப் பெட்டியில் சிரிக்கிறது. அந்த வீட்டார் சண்டைக்கு வரவில்லை. பெட்டி வாங்கிப் போனார்கள். இங்கே யாருக்கும் இது தப்பாகத் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

இன்று மகன் வீடியோவை முதலாளிக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி பாட்டைக் கேட்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"ஏலே, இந்தப் பய நல்லா இருக்கான்லே. புஸ்வாணத்துக்கு இவனப் போடுங்க. லேபிள்ல ரோசாப்பூவப் பாத்துப் பாத்து டீலருக்குச் சலிச்சுப்போச்சு."

"அண்ணாச்சி, இது சங்கிலிமுத்து. நம்ம கம்பெனி ஆளு. தொண்ணூத்தொண்ணுல..." என்று இழுத்தேன்.

கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதை எழுதிவைப்பதுதான் நியாயம்.

"அவனுக்குத்தான் அப்பவே செட்டில் பண்ணியாச்சே. இப்ப என்ன?"

21 ஜூலை

லேபிள் தயார். நான்கு வண்ணம். பெல்பாட்டம் ஊதா. புஸ்வாணம் கூம்பு என்பதால் கால்கள் கீழே அகன்று நன்றாக உட்காருகின்றன. இயக்குநரின் இருபத்தெட்டு அங்குலத்துக்கே இழுத்து அகலமாக்கியிருந்தேன்; வீண்போகவில்லை. உச்சியில் திரி. அது சரியாகச் சங்கிலிமுத்துவின் தலைக்கு மேலே வருகிறது.

நல்ல வேலை என்று முதலாளி பாராட்டினார். ராத்திரி லேபிளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருபது வருசமா இந்த வேல பாக்கேன் – சாமி படத்தப் போட்டிருக்கேன், பச்சப்புள்ள படத்தப் போட்டிருக்கேன். வெடிச்சுக் கிழிஞ்சு தெருவுல கெடந்தா மிதிச்சுட்டுத்தான போனேன்? இப்ப மட்டும் என்ன வந்துச்சு? தூ. ஆள் தெரிஞ்சவன், அம்புட்டுத்தான்.

28 ஜூலை

சென்னையிலிருந்து கூரியர். படம் வந்துவிட்டது. சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை. பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் 'ஃபங்கி மேன்' என்று எழுதியிருக்கிறது.

30 ஜூலை

கொடுக்கப் போவதற்குள் முத்துப்பேச்சியே அச்சக வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு லேபிள். காலையில்தான் லேபிள் கட்டு, ஒட்டும் அறைக்குப் போயிருக்கிறது.

"தலையில திரிய வச்சுட்டீகளே அண்ணாச்சி."

நான் படத்தை நீட்டினேன். புதிதாகச் சட்டம் போட்டிருந்தேன். வாங்கினார். சட்டத்தைப் பார்க்கவில்லை.

"ஒருக்க எரிஞ்சவுக. இன்னும் எத்தன தடவ?"

முதலாளியிடம் சொன்னேன், கேட்கவில்லை என்றேன்.

"அவுக கேக்க மாட்டாக. நீங்க ஏன் கேட்டீக? வீட்டுல வந்து, படம் குடு தாயின்னு நீங்கதான கேட்டீக?"

ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் என்று இப்போது வரை யோசித்துப் பார்க்கிறேன்.

போகும்போது லேபிளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்பக்கம் வெறும் வெள்ளைதான?"

"ஆமா."

"சரி. வாரேன்."

9 ஆகஸ்ட்

வீடியோ ஏதோ ஒரு சேனலில் வந்தது. டீக்கடையில் பார்த்தோம். முகம் மூன்று நொடி வருகிறது. "ஏலே, நம்ம சங்கிலிமுத்துலே!" என்று ஒருவர் எழுந்து நின்றார். அதற்குள் கம்ப்யூட்டரின் நாற்பது பேர் ஆட வந்துவிட்டார்கள்.

17 ஆகஸ்ட்

ராஜபாண்டியன் ஒரு பேட்டியில், தம் வேர்களைத் தேடித் தாம் கண்டடைந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

12 செப்டம்பர்

சீசன். எழுத நேரமில்லை. புஸ்வாணம் முதல் லோடு ஒரிசாவுக்கு, கட்டாக்குக்குப் போயிற்று.

24 அக்டோபர்

கட்டாக்கிலிருந்து லோடு திரும்பி வந்துவிட்டது. முதலாளி என்னையும் சரக்குக் கிட்டங்கிக்கு அழைத்தார். பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். உள்ளே புஸ்வாணம் எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. ஒன்றின் லேபிளை நகத்தால் கீறி உரித்தேன். அச்சடித்த பக்கம் உள்பக்கமாக, கூம்போடு சேர்த்து ஒட்டியிருந்தது. பசையில் கறுப்புக் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

பலவேசத்தைக் கூப்பிட்டு முதலாளி கத்தினார். யார் ஒட்டியது?

"கேட்டேன் மொதலாளி. எல்லாரும்தான் ஒட்டுனோங்காளுக."

"நீ பாக்கலையாலே?"

"நான் மருந்தத்தான் பாப்பேன். காயிதத்த யாரு பாத்தா?"

சீசன் நடுவில் ஒட்டுகிறவர்கள் அத்தனை பேரையும் நிறுத்திவிட்டால் ஒட்ட ஆள் கிடையாது. அது முதலாளிக்கும் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ ரெண்டு பக்கமும் அடிச்சிரு. எப்படித் திருப்புறாளுகன்னு பாப்போம்."

இரண்டு பக்கமும் அச்சடித்தால் மையின்மேல் பசை பிடிக்காது, லேபிள் உரிந்து வந்துவிடும் என்றேன்.

உண்மையில் பிடிக்கும்.

8 நவம்பர்

தீபாவளி. ஊர் தூங்குகிறது.

19 நவம்பர்

அடுத்த சீசனுக்கான லேபிள் ஆர்டர் வந்தது. புஸ்வாணத்துக்கு ரோஜாப்பூ.